கரண்ட் போகவே இல்லை: ஒத்தக்கடை ரம்ப விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

மிஷின் சிமெண்டு சாக்கில் சுற்றி வந்தது. கொண்டுவந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, இதை யாருக்காச்சும் வித்துக் குடுத்துருங்க. வீட்ல இருக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க" என்றான். சாக்கைப் பிரித்தேன். பிளேடின் பற்களுக்கு நடுவில் மரத்தூளோடு சேர்ந்து ஏதோ கறுப்பாகக் காய்ந்திருந்தது. தேக்குப் பிசின் அப்படிக் காயாது.

மதுரை சிம்மக்கல் பக்கம் மின்கருவிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிரில், கிரைண்டர், ரம்பம், இழைப்பு மிஷின் எல்லாம் வரும். விபத்து நடந்த மிஷின்களும் வரும். பெரும்பாலும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள், கழற்றும்போது நமக்கே தெரிந்துவிடும். இந்த முறை சும்மா விட மனம் வரவில்லை. அடிபட்ட ஆசாரி அண்ணனை எனக்குப் பல வருடப் பழக்கம். முப்பது வருடமாக மரவேலை, அன்றுவரை பத்து விரலும் முழுசாக இருந்தன. உளியைக்கூடத் துணியில் சுற்றி வைக்கிற ஆள். அவருக்கு எப்படி நடந்தது? அவரைப் போய்ப் பார்த்தபோது, "எழுது தம்பி, பேரு மட்டும் வேணாம்" என்றார். அதனால் பெயர்கள் இல்லை.

அன்று நடந்தது

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை தெரிகிற ஒரு புது வீட்டில் அலமாரி வேலை. ஆசாரி, அவருடைய தங்கை மகன் (சாக்கு கொண்டுவந்தவன்), இன்னொரு உதவியாள். தேக்குப் பலகையிலிருந்து ஒரு இஞ்ச் அகலத்தில் பீடிங் (ஓரத்தில் ஒட்டும் பட்டி) கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷின் 4 இஞ்ச் கட்டிங் மிஷின், அதாவது மார்பிள் கட்டர். கல் அறுக்கச் செய்தது. அதில் மரம் அறுக்கும் கார்பைடு பல் பிளேடைப் போட்டு, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் காடி வெட்டி, மிஷினைத் தலைகீழாக அடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் 'டேபிள் ரம்பம்' தயார். மதுரையைச் சுற்றி வேலை நடக்கும் வீடுகளில் பத்துக்கு எட்டில் இதைப் பார்க்கலாம். மரத்துக்கு இதை வைக்காதே என்று கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். 7 இஞ்ச் சர்குலர் ரம்பம் விலை கூட, கனம் கூட, மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொல்லும் அறிவுரையை எந்த ஆசாரியும் கேட்கமாட்டார்.

ஆனால் தலைகீழாகப் போட்டால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, பிளேடின் மேல் இருக்கும் பிறைவடிவ மூடி பலகையில் இடிக்கும், அதனால் கழற்றிவிடுவார்கள். இரண்டு, சுவிட்ச் பலகைக்கு அடியில் போய்விடும். பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. அதனால் சுவிட்சை அழுத்தி, பக்கத்தில் இருக்கிற லாக் பட்டனைத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் மிஷினை நிறுத்துவது, ஓட்டுவது எல்லாம் பிளக்கில்தான்.

பகல் பதினொன்றரை. பலகை பாதி கிழிந்த நிலையில் மிஷின் நின்றுவிட்டது. ஆசாரி மரத்தைப் பின்னால் இழுத்து எடுத்தார். பிளேடுக்கும் காடிக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சிராய் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கக் குனிந்துகொண்டே, "கரண்ட் போச்சா பாருடா" என்றார். பையன் அடுத்த அறைக்குப் போனான். எக்ஸ்டென்ஷன் பெட்டி அங்கே தரையில் கிடந்தது. "இருக்கே மாமா" என்று சொல்லிக்கொண்டே பிளக்கை ஒரு அழுத்து அழுத்தினான்.

மிஷின் ஓடியது. இடது கை நடுவிரல் நுனி போய்விட்டது. ஆள்காட்டி விரலில் நரம்பு வரை வெட்டு.

இந்த மிஷினின் பெயர்த்தகட்டில் 1,250 வாட், நிமிடத்துக்கு 13,000 சுற்று என்று போட்டிருக்கிறது. 110 மில்லிமீட்டர் பிளேடின் விளிம்பு இந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் ஓடும். 40 பல் பிளேடு என்றால் முழு வேகத்தில் ஒரு நொடிக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடக்கும். மெதுவாகத் தொடங்கும் ஏற்பாடு எதுவும் இந்த மாடலில் கிடையாது. நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. கையை எடுப்பதற்கு நேரமே இல்லை.

எல்லோரும் சொன்ன காரணம்

"கரண்ட் போயிட்டு வந்துச்சு தம்பி. நம்ம நேரம்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆசாரி சொன்னது இதுதான். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். தெருவில் போகிறவர்களும் அதையே சொன்னார்கள். நம் ஊரில் கரண்ட் மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். நான்கு வீடு தள்ளி ஒரு மாவு மில் இருக்கிறது. மில்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு மிளகாயும் மல்லியும் அரைத்தார்களாம், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை மில் நிற்கவே இல்லையாம். "கரண்ட் போயிருந்தா கல்லுக்குள்ள மிளகாய் சிக்கிப் பெரிய வேலை ஆயிருக்குமே. போகல" என்றார். சாட்சிக்கு மாவு மில்லை மிஞ்ச ஆளில்லை.

கரண்ட் போகவில்லை. அப்படியென்றால் மிஷின் ஏன் நின்றது?

மேசையில் பார்த்தது

முதலில் கார்பனைத்தான் சந்தேகப்பட்டேன், மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோகும் சின்னக் கட்டி அது. கார்பன் தேய்ந்துபோனால் ஸ்பிரிங் எட்டாமல் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப ஓடும். கழற்றிப் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ஒரு பக்கக் கார்பன் சாய்வாகத் தேய்ந்திருந்தது. கார்பன் உரசும் செம்பு வளையத்தில் (கம்யூட்டேட்டர்) கறுப்பு. மாற்ற வேண்டிய காலம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் அதே கார்பனோடு மேசையில் கால் மணி நேரம் ஓட்டினேன். மரக்கட்டையால் உடம்பைத் தட்டியும் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. கார்பன் குற்றவாளிதான், ஆனால் இந்தக் குற்றத்துக்கு இல்லை.

பிளேடைக் கழற்றினேன். இரண்டு பல் உடைந்திருந்தது. மீதிப் பற்களின் முனை நகத்தில் உரசினால் வழுக்கிக்கொண்டு போனது. பக்கவாட்டில் பிசின் ஏறி, மினுமினுவென்று பழுப்பு. பீடிங்கின் ஓரங்கள் கருகியிருந்ததைப் பையன் போனில் காட்டினான். மழுங்கிய பிளேடு மரத்தை அறுக்காது, தேய்க்கும். வீட்டிலிருந்து கேட்டு வாங்கிவந்த மிச்சத் தேக்குத் துண்டை அதே பிளேடில் கிழித்து, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 8, 9 ஆம்பியர் வரை இழுத்தது. புதுப் பிளேடு போட்டு, அதே துண்டை அதே வேகத்தில் தள்ளினால் ஐந்து சொச்சம்.

இந்த வித்தியாசம்தான் என்னை எக்ஸ்டென்ஷன் பெட்டியிடம் கொண்டுபோனது. பையனிடம் அதையும் எடுத்து வரச் சொன்னேன். ஐந்து ஓட்டை உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, 6 ஆம்பியர் சாக்கெட், 30 மீட்டர் ஒயர். ஒரு சாக்கெட்டில் மட்டும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம், தோசைக்கல்லின் ஓரம் மாதிரி. பிளக்கைச் செருகினேன். இறுக்கம் என்று எதுவுமில்லை, தொட்டாலே ஆடியது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த பித்தளைக் கவ்வி சூட்டில் வெளுத்து, விரிந்து நின்றது. பிளக்கின் ஒரு பின் பாதி வரை கறுத்திருந்தது. ஒயர் மாட்டிய திருகைக் கையாலேயே சுற்ற முடிந்தது.

இங்கே சின்னக் கணக்கு ஒன்று. இறுக்கமில்லாத தொடர்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 18 வாட் சூடு. 9 ஆம்பியர் ஓடினால் 40 வாட். நான் கடையில் சால்டர் வைக்கும் அயர்ன் 25 வாட்தான். ஆக, மழுங்கிய பிளேடில் தேக்கு கிழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாக்கெட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. சூட்டில் கவ்வி இளகும். இளகினால் தடை கூடும். கூடினால் இன்னும் சூடு. ஒருநாள் தொடர்பே விட்டுப்போகும். பிளக்கை அழுத்தினால் திரும்ப வரும்.

மேசையில் அதே பெட்டியில் அதே பிளக்கைச் செருகி, பழைய பிளேடோடு கிழித்தேன். மூன்றாவது துண்டில் மிஷின் நின்றது. பிளக்கை விரலால் லேசாகத் தள்ளினேன். ஓடியது. கடைப் பையன் அதைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை.

லாக் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மிஷின் முன்னால் டைல்ஸ் வேலைக்காரரிடம் இருந்தது. கல்தூள் தண்ணீரோடு சேர்ந்து சுவிட்சுக்குள் போய் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. லாக்கை எடுக்கவே கட்டை விரலால் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. அதனால்தான் யாரும் அதை எடுப்பதில்லை. 7 இஞ்ச் கை ரம்பங்கள் பலவற்றில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு இருக்கும்: ஒரு பட்டனை அழுத்தினால்தான் சுவிட்ச் வேலை செய்யும், கையை விட்டால் நின்றுவிடும். கல் அறுப்பவர் மிஷினைக் கையில் பிடித்தபடி நீளமாக ஓட்டுவார், அவருக்கு லாக் வசதி. தலைகீழாகப் பலகைக்கு அடியில் போனதும் அதே வசதி வேறு ஆளாகிவிடுகிறது.

யாரைக் குறை சொல்வது

ஆசாரி சுவிட்சை அணைக்கவில்லை. சரி. ஆனால் அவர் மனதில் அது அணைந்துதான் இருந்தது. கரண்ட் இல்லையென்றால் மிஷின் செத்தது என்பது நம் எல்லோருடைய கணக்கும். பையன் ஏன் சொல்லாமல் பிளக்கை அழுத்தினான்? கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், பார்த்தான். அவன் நின்ற இடத்திலிருந்து மாமாவின் கை தெரியாது, நடுவில் சுவர். அவன் இன்னும் அந்த ஒரு அழுத்தை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கிறான் என்று அவன் அத்தை சொன்னார். அவனிடம் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

இதை வைத்துக் கிராமத்துக்காரர்களுக்கு ஒன்று சுலபமாகப் புரியும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் இருக்கும். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் தானே விழுந்துவிடும். வந்ததும் மறுபடி போய்ப் பச்சையை அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் நோ வோல்ட் காயில்தான் அதைச் செய்கிறது. மோட்டாருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, விரலுக்குப் பக்கத்தில் சுற்றும் ரம்பத்துக்கு இல்லை. (ராத்திரி எழுந்துபோகச் சோம்பல்பட்டு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுகிறவர்கள், கிணற்றில் இறங்கும் முன் அதை அணைக்க வேண்டும் என்பதும் இதே கதைதான்.)

ரத்தம் வந்த பிறகு

பையன் ஒன்றைச் சரியாகச் செய்தான். தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இறுக்கி அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வைத்து, மாட்டுத்தாவணி வழியாக ஆட்டோவில் கூட்டிப்போனான். துண்டான நுனியைப் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் நேராக ஐஸ் கட்டிகளுக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்படிச் செய்யக் கூடாது. ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். இந்த ஆளுக்கு அப்படிச் செய்திருந்தாலும் சேர்ந்திருக்காது என்றுதான் டாக்டர் சொன்னார். ரம்பம் கத்தி மாதிரி வெட்டுவதில்லை, பிளேடின் தடிமன் அளவுக்குச் சதையைத் தூளாக்கிக்கொண்டு போகிறது.

மாற்றியவை

மிஷினை விற்கவில்லை. ஆசாரியே வேண்டாம் என்றார், "அது என்ன பண்ணும்?" என்றார். அத்தைக்கு இன்னும் கோபம்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிப் போட்டாயிற்று. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 16 ஆம்பியர் சாக்கெட் போட்ட புதுப் பெட்டி, அதிலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). ஓட்டும்போது சுருளை முழுக்க அவிழ்த்துப் போடச் சொன்னேன். சுருட்டியபடியே விட்டால் நடுவில் இருக்கும் ஒயரின் சூடு வெளியே போக வழியில்லை. ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றும், பிளேடிலிருந்து காப்பாற்றாது. அதையும் சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆட்கள் உண்டு.

மிஷினில் கார்பன் ஜோடியாக மாற்றினேன். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். சுவிட்ச் புதுசு. ஒயர் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய வெட்டு ஒன்று இருந்தது, அந்தத் துண்டை வெட்டிவிட்டு உள்ளேயிருந்து ஒயரை இழுத்து மாட்டினேன். காற்றுத் துளைகளில் அடைத்திருந்த தூளைப் புளோயரில் ஊதினால் ஒரு டம்ளர் வரும்போல. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கத் துடைப்பதோடு சரி, அப்புறம் அடுத்த ஆயுத பூஜைதான். வாரம் ஒருமுறை ஊதினாலே பேரிங்கும் ஆர்மேச்சரும் இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்பது என் அனுபவம்.

பிளேடு: பிசின் ஏறியதை வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பல் உடைந்த பிளேடைச் சாணை பிடிக்கவும் கூடாது, எறிந்துவிட வேண்டும். புதுசு வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, மிஷினின் 13,000-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். 7 இஞ்ச் ரம்பங்கள் 5,000 சொச்சம் சுற்றுதான். அந்த வேகத்துக்குச் செய்த பிளேடுகளும் கடையில் இவற்றோடு சேர்ந்துதான் தொங்கும். பழைய பிளேடில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

பிளேடுக்குப் பின்னால், அதே தடிமனில் ஒரு தகட்டைக் காடியில் நிற்க வைத்தோம். கிழிந்த மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், மேலெழும் பற்கள் மரத்தைத் தூக்கி ஆள் மேல் எறியும். ஆசாரிக்கு ஏற்கெனவே ஒருமுறை வயிற்றில் அடிபட்டிருக்கிறது, சட்டையைத் தூக்கிக் காட்டினார். தகடு இருந்தால் மரம் மூடாது. கடைசி ஒரு சாண் தள்ளுவதற்கு வாய் வெட்டிய கட்டை ஒன்று.

உதவியாள் எல்லோருக்கும் துணிக் கையுறை வாங்கி வந்தான். திருப்பி அனுப்பினேன். சுற்றும் பிளேடில் கையுறையின் ஒரு நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பலகை தூக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அதில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள்.

முக்கியமானது சுவிட்ச். பலகையின் முன்பக்கக் காலில், பச்சை சிவப்புப் பட்டன் உள்ள நோ வோல்ட் சுவிட்ச் ஒன்றை மாட்டினேன். மிஷினின் லாக் இனி போட்டபடியே இருக்கலாம், கவலையில்லை. இந்தச் சுவிட்சுக்கு வரும் கரண்ட் எங்கே விட்டாலும், யார் பிளக்கை அழுத்தினாலும், பச்சையைத் தொடாமல் ஓடாது. சிவப்பைத் தொடை உயரத்தில் வைத்தேன், இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது காலால் தட்டி நிறுத்தலாம். அதற்காக இதை நம்பி விரலை நீட்டலாம் என்றில்லை. பிளேடைத் தொட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி, அதன் முனை தொடுகிறவரின் கண்ணெதிரே கிடக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து ஆசாரி அண்ணன் கடைக்கு வந்தார். ஆள்காட்டி விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, டீ கிளாஸைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக் குடித்தார். சுவிட்ச் எப்படி என்று கேட்டேன்.

"தொந்தரவா இருக்கு தம்பி. கைலி பட்டாலே நின்னு போகுது. பாதி மரத்துல நிக்குது."

மறுநாள் போய்ச் சிவப்புப் பட்டனை இரண்டு இஞ்ச் வலது பக்கம் தள்ளி மாட்டினேன். பையன் நான் கேட்காமலே பிளக்கைப் பிடுங்கிக்கொண்டுவந்து, என் காலடியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான்.